யார் இந்த ஜான் கராண்ட்? காலித் தோட்டாவை மறுபடி நிரப்புகிறவர்கள் இன்றும் அவர் துப்பாக்கிக்குப் பயப்படுவது ஏன்?

இரண்டாம் உலகப் போர் பற்றிய ஹாலிவுட் படம் எதையாவது பார்த்திருந்தால் அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்க சிப்பாய் எட்டு முறை சுடுவார். எட்டாவது குண்டு போனதும் துப்பாக்கியின் மேல்பக்கத்திலிருந்து டிங் என்று ஒரு இரும்பு கிளிப் தெறித்து விழும். கால் ஆஃப் டூட்டி கேம் ஆடியவர்களுக்கும் அந்த டிங் பழக்கம்தான். அந்தத் துப்பாக்கியின் பெயர் எம்1 கராண்ட்.

கராண்ட் என்பது கம்பெனி பெயர் என்று நினைத்திருப்போம். கிடையாது. அது ஒரு ஆளின் பெயர். பள்ளிப் படிப்பை முடிக்காமல் துணி மில்லில் தரை கூட்டப் போன ஒரு கனடா நாட்டுப் பையன், பின்னாளில் அமெரிக்க ராணுவத்தின் கையில் இருந்த துப்பாக்கியையே மாற்றினார். அதற்காக அவர் தன் வாழ்க்கையில் பாதியைச் செலவிட்டது ஒரு சின்னப் பித்தளைக் கூட்டோடு மல்லுக்கட்டுவதில்தான். அந்த மல்லுக்கட்டு அவரோடு முடியவும் இல்லை. அமெரிக்காவில் இந்தப் பழைய துப்பாக்கிக்குத் தோட்டா நிரப்புகிறவர்கள் இன்றும் அதைத் தொடர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அது என்ன கதை? பார்க்கலாம்.

துணி மில்லில் தொடங்கிய வாழ்க்கை

1888 ஜனவரி 1. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் செயின்ட் ரெமி என்ற ஊர்ப் பக்கம், பிரெஞ்சு பேசும் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் ஜான் கராண்ட். பெற்றோர் வைத்த பெயர் ழான். வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகள். சிறு வயதிலேயே அம்மா இறந்துபோனார். 1899-ல் அப்பா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்தில் ஜூவெட் சிட்டி என்ற மில் ஊருக்குக் குடிபெயர்ந்தார்.

அங்கே துணி மில்லில் தரை கூட்டும் வேலை. ஆங்கிலம் கற்றுக்கொண்டதே அந்த மில்லில்தான். கூட்டிப் பெருக்கிக்கொண்டே தறிகளை எப்படிப் பழுது பார்க்கிறார்கள் என்று கவனித்த பையன், கொஞ்ச காலத்தில் தானே மெஷினிஸ்ட் ஆனார். நடுவில் காசு கொடுத்துக் குறி சுடும் ஷூட்டிங் கேலரி ஒன்றிலும் வேலை பார்த்தார். துப்பாக்கி மேல் ஆசை ஒட்டிக்கொண்டது அங்கேதான்.

1909-ல் ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் இருந்த பிரவுன் அண்ட் ஷார்ப் நிறுவனத்தில் சேர்ந்தார். மைக்ரோமீட்டர், வெர்னியர் மாதிரியான அளவுக் கருவிகளுக்குப் பேர்போன கம்பெனி அது. ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து, அதில் ஒன்றிரண்டு கூடினாலோ குறைந்தாலோ வித்தியாசம் சொல்லும் பழக்கம் அவருக்கு இந்தத் தொழிலில்தான் படிந்தது. இந்த ஆயிரத்தில் ஒரு பங்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதை அங்கேதான் திரும்ப வரப்போகிறது.

முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய 1917 வாக்கில், இலகு ரக இயந்திரத் துப்பாக்கி ஒன்றை வரைந்து ராணுவத்துக்கு அனுப்பினார். டிசைன் பிடித்துப்போய், வாஷிங்டனில் உள்ள அளவைத் தர நிர்ணய அலுவலகத்தில் அவரை உட்கார வைத்து வேலை பார்க்கச் சொன்னார்கள். துப்பாக்கி உருவாவதற்குள் போர் முடிந்துவிட்டது. ஆனால் ஆளை ராணுவம் விடவில்லை. 1919 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாகாணத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதத் தொழிற்சாலைக்கு அனுப்பியது. அடுத்த வருடம் அவர் அமெரிக்கக் குடிமகன் ஆனார். 1953-ல் ஓய்வு பெறும் வரை அதே ஸ்பிரிங்ஃபீல்டுதான்.

ஒரு தோட்டாவில் என்னென்ன இருக்கு?

இதைத் தெரிந்துகொண்டால்தான் அவர் பட்ட பாடு புரியும். ஒரு தோட்டாவில் நாலே நாலு பொருள். முன்னால் பறந்து போகும் குண்டு. அதைத் தள்ளும் வெடிமருந்து. பின்னால் நடுவில் பொட்டு மாதிரி இருக்கும் ப்ரைமர். ஊசி இடித்ததும் பொறி கிளம்புவது இதில்தான். இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பித்தளைக் கூடு.

சுட்டதும் முதல் மூன்றின் வேலையும் முடிந்துவிடும். கூடு மட்டும் அப்படியே மிஞ்சும். அதைத் துப்பாக்கியின் சேம்பரிலிருந்து, அதாவது தோட்டா உட்காரும் அறையிலிருந்து, வெளியே இழுத்துப் போட்டால்தான் அடுத்த தோட்டா உள்ளே போக முடியும்.

அதுவரை அமெரிக்க சிப்பாய் வைத்திருந்த 1903 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளில் இந்த வேலையைச் செய்தது அவர் கை. போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மறுபடி மடக்க வேண்டும். நம்மூர் போலீஸ் ஸ்டேஷன்களில் பல காலம் இருந்த .303 ரைஃபிளும் இதே வகைதான். இந்த வேலையைத் துப்பாக்கியே செய்ய வேண்டும் என்பதுதான் கராண்டுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. சிப்பாய் விசையை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தால் போதும். அதான் செமி ஆட்டோமேட்டிக்.

முதல் ஐடியா ஏன் தோற்றது?

கராண்ட் முதலில் பிடித்துக்கொண்டது ப்ரைமரை. சுடும்போது உள்ளே எழும் அழுத்தம் குண்டை முன்னால் தள்ளுகிற மாதிரியே ப்ரைமரைப் பின்னாலும் தள்ளும். அந்தத் துளி அசைவை வைத்தே போல்ட்டின் பூட்டைத் திறந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். 1920-களின் முதல் பாதியில் இந்த வழியில் ஒன்றன்பின் ஒன்றாக மாதிரிகள் செய்தார். அவை வேலையும் செய்தன.

ஆனால் ராணுவம் தோட்டாவையே மாற்றிவிட்டது. வெடிமருந்து புதிய ரகம் ஆனது. ப்ரைமர் கழன்று வராதபடி அதைச் சுற்றிப் பித்தளையை நெரித்து இறுக்கும் முறையும் வந்தது. ஆங்கிலத்தில் இதை கிரிம்ப் என்பார்கள். அசையவே முடியாத ப்ரைமரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பல வருட உழைப்பு ஒரே அடியில் போனது. அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை அவர் எடுத்துக்கொண்டது, குண்டு போன பிறகு குழலுக்குள் மிச்சம் இருக்கும் வாயு.

மெழுகு பூசிய தோட்டாவோடு வந்த போட்டியாளர்

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் இன்னொருவரும் இதே வேலையில் இருந்தார். பெயர் ஜான் பெடர்சன். ஏற்கெனவே பெரிய பெயர் எடுத்த துப்பாக்கி வடிவமைப்பாளர். அவர் .276 என்ற சின்னத் தோட்டாவைப் புதிதாக உருவாக்கி, அதற்கேற்ற ரைஃபிளும் செய்தார்.

பெடர்சனின் துப்பாக்கியில் ஒரு சிக்கல். உள்ளே அழுத்தம் அதிகமாக இருக்கும்போதே போல்ட் திறக்க ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் பித்தளைக் கூடு உப்பி, சேம்பர் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் கிழியும். அதற்கு அவர் கண்ட வழி, கூட்டின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு. வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்பது கணக்கு.

கராண்டின் துப்பாக்கி உலர்ந்த, சாதாரணத் தோட்டாவையே சாப்பிட்டது. போர்க்களத்தில் மண்ணும் தூசியும் இருக்கும். மெழுகு பூசிய தோட்டா என்றால் ராணுவத்துக்குத் தயக்கம். போகப் போக சோதனைகளில் கராண்டின் கை ஓங்கியது.

மெக்கார்தர் போட்ட குண்டு

சோதனைகள் எல்லாம் .276 தோட்டாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. கராண்டும் அந்த அளவில் பத்துத் தோட்டா பிடிக்கும் ரைஃபிள் ஒன்றை வைத்திருந்தார். 1932-ல் ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த டக்ளஸ் மெக்கார்தர் குறுக்கே வந்தார். புதுத் தோட்டாவே வேண்டாம், பழைய .30-06 தோட்டாதான் என்று முடிவு செய்துவிட்டார்.

காரணம் பணம். உலகமே பொருளாதார மந்தத்தில் தவித்த காலம். 1906 முதல் புழக்கத்தில் இருந்த .30-06 தோட்டா கிடங்குகளில் மலைபோல் குவிந்திருந்தது. இயந்திரத் துப்பாக்கிகளுக்கும் அதே தோட்டாதான். இரண்டு ரகத் தோட்டாவைப் பராமரிக்க ராணுவத்திடம் காசு இல்லை.

பெடர்சனின் வாய்ப்பு அதோடு முடிந்தது. கராண்டிடம் .30-06 அளவிலும் ஒரு டிசைன் இருந்ததால் அவர் பிழைத்தார். ஆனால் தோட்டா பெரிது, அழுத்தமும் அதிகம். பத்துக்குப் பதில் எட்டுத்தான் பிடித்தது. நாம் படங்களில் எண்ணும் அந்த எட்டு இப்படி வந்ததுதான். 1936 ஜனவரி 9 அன்று ராணுவம் இதை எம்1 என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது.

எம்1 எப்படி வேலை செய்கிறது?

குண்டு குழலின் நுனியை நெருங்கும்போது, குழலின் அடியில் உள்ள ஒரு சின்னத் துளை வழியாகக் கொஞ்சம் வாயு கீழே இறங்கும். அது ஒரு நீண்ட இரும்புத் தண்டைப் பின்னால் உதைக்கும். தண்டு போல்ட்டைத் திருப்பிப் பூட்டைத் திறந்து, பின்னால் இழுக்கும். போல்ட்டின் கொக்கி காலிக்கூட்டின் விளிம்பைப் பிடித்து இழுத்து வெளியே எறியும். ஸ்பிரிங் போல்ட்டை முன்னால் தள்ள, அடுத்த தோட்டா உள்ளே போகும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள்.

முதலில் வந்த துப்பாக்கிகளில் வாயுவைக் குழல் நுனியில் ஒரு மூடி மாதிரியான அமைப்பு பிடித்தது. அது சரிப்படாமல், 1940 வாக்கில் இந்தத் துளை முறைக்கு மாற்றினார்கள். துப்பாக்கியை மட்டும் அல்ல, அதைச் செய்யும் பல இயந்திரங்களையும் கருவிகளையும் வடிவமைத்தவர் கராண்ட்தான். மில்லில் கற்ற தொழில் கைகொடுத்தது.

காலிக்கூட்டுக்கு என்ன ஆகிறது?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் சுட்டுமுடித்த பித்தளைக் கூட்டை எடுத்து, புது ப்ரைமர், மருந்து, குண்டு வைத்து மறுபடி பயன்படுத்துவது சட்டப்படியான பொழுதுபோக்கு. ரீலோடிங் என்பார்கள். கைப்பிடி போட்ட பழைய ரைஃபிள்களுக்கு இது சுலபம். கராண்டின் துப்பாக்கிக்குச் செய்யும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும் என்று அனுபவசாலிகள் எச்சரிப்பார்கள். ஏன்?

சுடும் கணத்தில் கூட்டுக்குள் எழும் அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல 3,000 மடங்குக்கும் மேல். பித்தளை நெகிழ்ந்து சேம்பர் சுவரில் போய் ஒட்டும். அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கும். முழுசாகப் பழைய அளவுக்கு வராது. ராணுவத் துப்பாக்கிகளில் சேம்பரைக் கொஞ்சம் தாராளமாகவே கடைவார்கள், அழுக்குப் படிந்த தோட்டாவும் உள்ளே போக வேண்டுமே! அதனால் கூடு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே உப்பும். போதாக்குறைக்கு, எம்1-ன் போல்ட் அதை வெடுக்கென்று பிடுங்கி எறிகிறது. மொத்தத்தில் வெளியே விழும் கூடு இடுப்பில் பருத்து, தோள்பட்டை முன்னே நகர்ந்து கிடக்கும்.

கைப்பிடி ரைஃபிள் என்றால் இது பெரிய பிரச்சினை இல்லை. கூட்டின் கழுத்தை மட்டும் இறுக்கிவிட்டு, அதே துப்பாக்கியில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. கூடு கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் மூடும்போது கைக்கே தெரியும். அழுத்தி மூடலாம், வேண்டாம் என்று தோன்றினால் வெளியே எடுத்துவிடலாம். எம்1-ல் மூடுவது ஸ்பிரிங். அதற்கு இறுக்கம் தெரியாது, யோசிக்கவும் தெரியாது. கையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இயந்திரத்தை வைத்தார் கராண்ட். கை உணர்ந்து சரிசெய்த வித்தியாசத்தை இப்போது தோட்டா நிரப்புகிறவர் முன்கூட்டியே அளந்து சரிசெய்தாக வேண்டும்.

அதனால்தான் எம்1-க்குக் கழுத்தை மட்டும் இறுக்குவது ஆகாது. கூட்டை முழு நீளத்துக்கும் டை என்ற கடினமான அச்சுக்குள் அழுத்தி, உடல், தோள், கழுத்து மூன்றையும் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து

போதுமான அளவு இறுக்காவிட்டால்? தோட்டா முழுதாக உள்ளே உட்காராது. போல்ட்டும் முழுதாகத் திரும்பிப் பூட்டாது. எம்1-ன் ஊசி ஸ்பிரிங் எதுவும் இல்லாமல் தளர்வாக ஆடக்கூடியது. போல்ட் முன்னால் பாயும் வேகத்தில் அது ப்ரைமரை லேசாகத் தொட்டுவிட்டுத்தான் வரும். பூட்டு விழும் முன் ஊசி முழுசாக முன்னே போகாதபடி கராண்ட் உள்ளே ஒரு தடுப்பு வைத்திருக்கிறார். ஆனாலும் ப்ரைமர் மட்டத்துக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தாலோ, பாகங்கள் தேய்ந்திருந்தாலோ, விசையை இழுக்காமலே வெடிக்கும் அபாயம் உண்டு. பூட்டாத நிலையில் வெடித்தால் அந்த அழுத்தம் முழுக்கச் சுடுகிறவரின் முகத்துப் பக்கம் திரும்பும்.

சரி, நன்றாக இறுக்கிவிடலாமே என்றால் அதுவும் சரியில்லை. தோளை அதிகமாகப் பின்னுக்குத் தள்ளினால், சேம்பருக்குள் கூட்டுக்கு முன்னும் பின்னும் இடைவெளி விழும். ஒவ்வொரு முறை சுடும்போதும் பித்தளை அந்த இடைவெளியை நிரப்ப நீளும். நீளும்போது அடிப்பாகத்துக்குச் சற்று மேலே சுவர் மெலிந்துகொண்டே வரும். வெளியே பார்த்தால் பளபளவென்று ஒரு வளையம் தெரியும். ஒருநாள் அந்த இடத்தில் கூடு இரண்டாகப் பிரியும். பின்பாதி வெளியே வரும், முன்பாதி சேம்பரிலேயே மாட்டிக்கொள்ளும்.

அப்படியானால் எவ்வளவு தள்ளுவது? சேம்பரின் அளவைவிட ஆயிரத்தில் மூன்று முதல் ஆறு அங்குலம் குறைவாகத் தோள் இருக்க வேண்டும் என்பது எம்1 மாதிரித் துப்பாக்கிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த மூன்று என்பது கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் பருமன். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கேஜ் என்ற அளவுக் குழாயில் ஒவ்வொரு கூட்டையும் போட்டுப் பார்க்கிறார்கள். பித்தளை நீண்டுகொண்டே போவதால் கழுத்து நுனியையும் அளந்து வெட்டுகிறார்கள். .30-06 கூட்டின் உச்ச நீளம் 2.494 அங்குலம். அதைத் தாண்டக் கூடாது. நாலைந்து முறை நிரப்பியதும் அந்தக் கூட்டையே தூக்கிப் போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

மருந்திலும் கட்டுப்பாடு உண்டு. மெதுவாக எரியும் ரகத்தைப் போட்டால், குண்டு குழல் நுனியை நெருங்கும்போதும் அழுத்தம் இறங்காமல் நிற்கும். அந்தத் துளை வழியே வரும் உதை தாங்காமல் இரும்புத் தண்டு வளைந்துபோகும். கராண்ட் இந்தத் துப்பாக்கியை அந்தக் காலத்து ராணுவத் தோட்டாவின் சுபாவத்துக்கு ஏற்றபடி செய்தார். இன்று நிரப்புகிறவரும் அதே சுபாவத்தைத்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

பழைய எதிரிகள் திரும்ப வரும் இடம்

இந்த வேலையில் இரண்டு விஷயம் கராண்டின் வாழ்க்கையை அப்படியே ஞாபகப்படுத்தும்.

ஒன்று, மெழுகு. கூட்டை டைக்குள் உலர்வாக அழுத்தினால் சிக்கிக்கொள்ளும். அதனால் வழுக்கும் பசை எதையாவது தடவித்தான் அழுத்துவார்கள். வேலை முடிந்ததும் அதைச் சுத்தமாகத் துடைத்தே ஆக வேண்டும். பெடர்சனின் துப்பாக்கிக்கு வழுக்கும் கூடு தேவைப்பட்டது. கராண்டின் துப்பாக்கிக்கு உலர்ந்த கூடுதான் வேண்டும்.

இன்னொன்று, கிரிம்ப். ராணுவத் தோட்டாவின் காலிக்கூட்டிலிருந்து பழைய ப்ரைமரைத் தள்ளி எடுத்த பிறகும், அதைச் சுற்றி நெரித்த பித்தளை விளிம்பு அப்படியே இருக்கும். அதைச் சீவி எடுக்காமல் புது ப்ரைமரை ஒழுங்காக மட்டத்துக்கு உட்கார வைக்க முடியாது. துருத்திய ப்ரைமர் எவ்வளவு ஆபத்து என்று மேலே பார்த்தோம். 1920-களில் கராண்டின் முதல் கண்டுபிடிப்பைக் காலி செய்த அதே நெரிப்புதான் இது.

போர், புகழ், கிடைக்காத பணம்

ஜப்பான் பிலிப்பைன்ஸைத் தாக்கியபோது, பட்டான் சண்டையில் எம்1 முதல் பெரிய சோதனையைச் சந்தித்தது. அங்கே தளபதியாக இருந்தவர் அதே மெக்கார்தர். துப்பாக்கி நன்றாக வேலை செய்கிறது என்று அவரிடமிருந்தே அறிக்கை போனது. பிறகு ஐரோப்பா, பசிபிக், கொரியா. ஜெனரல் பேட்டன் 1945-ல் இதை வானளாவப் புகழ்ந்து எழுதினார். மொத்தத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட எம்1 துப்பாக்கிகள் செய்யப்பட்டன.

ஒரு துப்பாக்கிக்கு ஒரு டாலர் ராயல்டி என்றால்கூட கராண்ட் பெரும் பணக்காரர் ஆகியிருப்பார். ஆனால் அவர் அரசு ஊழியர். 1936-லேயே தன் கண்டுபிடிப்பின் உரிமையை அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கிடைத்தது சம்பளமும், 1944-ல் தரப்பட்ட மெடல் ஃபார் மெரிட் உள்ளிட்ட பதக்கங்களும். அவருக்கு 1 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க காங்கிரஸில் ஒரு மசோதா வந்தது. நிறைவேறவில்லை. போட்டியில் தோற்ற பெடர்சன் ஒப்பந்த அடிப்படையில் ராயல்டி பேசி வந்தவர் என்பதை நினைத்தால், ஜெயித்தவரின் நிலைமை இன்னும் உறுத்தும்.

கராண்ட் இதைப் பெரிதாகப் பேசித் திரிந்தவர் கிடையாது. அமைதியான ஆள். பனிச்சறுக்கு ஸ்கேட்டிங் என்றால் உயிர். வீட்டுக் கூடத்திலேயே தண்ணீர் விட்டு உறைய வைத்து ஸ்கேட்டிங் பழகினார் என்று அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். 1974 பிப்ரவரி 16 அன்று, தன் வாழ்நாள் வேலையைச் செய்த அதே ஸ்பிரிங்ஃபீல்டில் 86 வயதில் காலமானார்.

இப்போது அந்தத் துப்பாக்கிகள் எங்கே?

1957-ல் எம்14 வந்ததும் எம்1-ன் ராணுவ வாழ்க்கை முடிவுக்கு வர ஆரம்பித்தது. அந்த எம்14-ம் கராண்டின் டிசைனிலிருந்து வளர்ந்ததுதான். ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலையை 1968-ல் மூடிவிட்டார்கள். இப்போது அது அருங்காட்சியகம். மிச்சமிருந்த துப்பாக்கிகளை அமெரிக்காவில் சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பு, தகுதியுள்ள பொதுமக்களுக்கு விற்கிறது. ஓஹியோ மாகாணத்தின் கேம்ப் பெர்ரியில் கராண்டின் பெயரிலேயே துப்பாக்கி சுடும் போட்டியும் நடக்கிறது. அங்கே வருகிறவர்களில் பலர் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, கூடு கூடாக அளந்து நிரப்பிய தோட்டாவோடுதான் வருகிறார்கள்.

இந்தியாவில் இதை யாரும் முயற்சி செய்துவிடக் கூடாது. 1959 ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

பிரவுன் அண்ட் ஷார்ப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் அளக்கக் கற்றுக்கொண்ட மெஷினிஸ்ட் போய் 50 வருடம் ஆகிவிட்டது. அவர் துப்பாக்கியை வைத்திருக்கிறவர்களுக்கு அந்த ஆயிரத்தில் ஒரு பங்குதான் இன்றும் கணக்கு. கூடு கேஜில் சரியாக உட்கார்ந்தால் நிரப்புகிறார்கள். உட்காராவிட்டால் பித்தளையை நசுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்த கூட்டை எடுக்கிறார்கள்.